சுக்மதி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேடு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "பேசாம வேலைய விட்டுட்டு ஊருக்கே வந்துடட்டுமாம்மா?" நீ கேட்டு வாய் மூடுவதற்குள் "வாடா" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. பசியோடு உட்கார்ந்திருப்பவளிடம் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் வருகிற பதில். அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். சொல்ல முடியாது. உன் குரலைக் கேட்டால் மறுபடியும் "வா" என்றுதான் வாயில் வரும், எனக்கு என்னைத் தெரியும். நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது எழுதியதுதான் கடைசி, அதற்கப்புறம் பேனா பிடித்து நான் எழுதியதெல்லாம் பேங்க் செலானில் கையெழுத்து மட்டும்தான். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காமல் படி. உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதியிருக்கிறாளே என்றும் அலுத்துக்கொள்ளாதே. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் நான் சொல்ல வந்தது எனக்கே விளங்குகிறது.

முதலில் அந்த "வா"வுக்குப் பிறகு நான் போட்ட ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. போனை வைத்த உடனே மாடி அறையைத் திறந்தேன். ஒட்டடை அடித்து, தரையைக் கழுவி, உன் பழைய மெத்தையை வெயிலில் போட்டேன். மறுநாள் காலையில் நம் வயலைப் பார்த்துக்கொள்ளும் கலியமூர்த்தி அண்ணனைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் குறுவைக்கு தம்பி வந்துடுவான்" என்றேன். மாயவரம் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடமும் சொன்னேன். அவள் யார் என்றே எனக்குத் தெரியாது. திருக்கடையூர் கோயிலில் அறுபதாம் கல்யாணம் முடித்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் அது, பஸ் முழுக்க மாலையும் சந்தன வாசமுமாக இருந்தது. பெரியவர் ஒருவர் தன் மனைவிக்கு என் பக்கத்து ஜன்னலோர சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார். எப்போதும் அந்தக் கூட்டம் ஏறினால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உன் அப்பாவுக்கு அறுபது வரவில்லை, உனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் திருப்பிக்கொள்ளவில்லை. அந்த அம்மாவிடமே, "என் மகன் வடக்கேயிருந்து வந்துடப் போறான், இனிமே இங்கதான்" என்று சொன்னேன். அவள் குங்குமம் எடுத்துக் கொடுத்தாள்.

தனியாக இருப்பதைப் பற்றி உன்னிடம் நான் பேசுவதே இல்லை. பேசினால் உனக்குப் பாரமாகிவிடும் என்று அடக்கிக்கொள்வேன். இப்போது சொல்கிறேன், ஏனென்றால் நான் எவ்வளவு ஆசையோடு "வா" என்றேன் என்பது தெரிந்தால்தான் அதைத் திரும்ப வாங்குவது எனக்கு விளையாட்டு இல்லை என்று உனக்குப் புரியும். ஒரு ஆளுக்குக் குழம்பு வைப்பது இருக்கிறதே, அது மாதிரி ஒரு தண்டனை கிடையாது. எவ்வளவு குறைத்து வைத்தாலும் மிஞ்சும். அதையே மறுநாளும் சாப்பிட்டு, அதற்கு மறுநாள் சமைக்கவே பிடிக்காமல் மோரை ஊற்றிச் சாப்பிட்டுப் படுப்பேன். டிவியை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும். லோன் வேண்டுமா மேடம் என்று போனில் ஒரு பெண் கூப்பிடுவாள். எல்லோரும் திட்டிவிட்டு வைப்பார்களாம். நான் அவளிடம் சாப்பிட்டியாம்மா, எந்த ஊரு, எத்தனை மணிக்கு வேலை முடியும் என்றெல்லாம் கேட்பேன். பாவம், அவளே "வேற கால் வருதும்மா" என்று வைத்துவிடுவாள். இதுதான் உன் அம்மாவின் பிழைப்பு. சிரிக்கலாம், நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அழுகையும் வருகிறது.

ஊரில் இன்னும் ஒருத்திக்கும் நீ செய்கிற வேலை என்னவென்று புரியவில்லை. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி கேட்டாள், "மூடுன நிலக்கரிச் சுரங்கத்துல என்னக்கா வேல? வாட்ச்மேனா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆபரேஷன் பண்ணிட்டு டாக்டர் போயிடுவாரு. அப்புறம் ராத்திரி பகலா நாடி பாக்குறது நர்சுதானே? என் மகன் அந்த நிலத்துக்கு நர்சு" என்றேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்கே அது போன வருஷம் மாசியில் உன் இடத்துக்கு வந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. சத்தீஸ்கர் என்றால் நான் ஏதோ காடு என்று நினைத்திருந்தேன். ரயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு ஒடிந்து வந்து இறங்கினால், நீ என்னை நேரே அந்த மேட்டுக்குத்தான் கூட்டிப்போனாய். கரியையெல்லாம் வாரிக்கொண்டு போன பிறகு, தோண்டிய மண்ணில் பாதியைக் குழியிலேயே போட்டு நிரப்பி, மிச்சத்தை மலை மாதிரி குவித்து, படிப்படியாக வெட்டி, புல்லும் மரக்கன்றும் நட்டிருந்தார்கள். படிக்குப் படி ஒரு வடிகால். நீ ஒவ்வொரு இடமாகக் காட்டினாய். மண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கக் கம்பி ஊன்றியிருந்தாய். மேட்டின் வயிற்றுக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க, குழாய்க்குள் கயிறு விட்டுக் காட்டினாய். வடிகால் தண்ணீரை பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தாய், சின்ன வயதில் வாய்க்கால் மீனைப் பிடித்துப் பார்ப்பாயே, அந்த முகம். நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மேட்டின் உச்சியில் சமமான இடத்தில், சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு நின்ற ஜனங்களில் சிலருக்கு நெல் விதைத்துப் பார்க்கத் துண்டு துண்டாக இடம் விட்டிருந்தார்கள். சுக்மதிக்கும் ஒரு துண்டு. அவள் வீடு கீழே, மேட்டின் அடியிலேயே இருந்தது. கொல்லையில் அவரைப் பந்தல், பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, அதற்குப் பின்னால் உன் மேடு. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. நீ ஆபீஸுக்குப் போன பிறகு நானும் அவளும் அந்தக் கொல்லையில் உட்கார்ந்து அவரைக்காய் உரிப்போம். அவள் அவள் பாஷையில் பேசுவாள், நான் என் பாஷையில் பேசுவேன், இரண்டு பேரும் தலையாட்டிக்கொள்வோம். அவளுக்கும் வீட்டுக்காரர் இல்லை என்பது, நெற்றியைத் தொட்டுக் காட்டியதில் தெரிந்தது. இங்கே வந்த பிறகு இத்தனை தெரிந்த ஜனங்களோடு நான் அவ்வளவு பேசியதில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் நீயும் நானும் மேட்டின் மேல் நடந்துகொண்டிருந்தோம். வடிகாலில் கொஞ்சமாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏன்டா, இவ்வளவு தண்ணி வீணாப் போவுதே, வாயில ரெண்டு மூட்ட மண்ணப் போட்டு அடைச்சா மேல நெல்லுக்கு ஆவாதா?" என்றேன். நீ சிரித்தாய். "அம்மா, இது நம்ம வயல் இல்ல. இங்க தண்ணி நிக்கக் கூடாது. நின்னா உள்ள இறங்கும், உள்ள இறங்கினா மேடு சரியும். இங்க தண்ணி ஓடிட்டே இருக்கணும்." நீ படித்தவன், சொன்னாய், நானும் சரி என்றேன். ஆனால் உள்ளுக்குள் சரி ஆகவில்லை. ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்க நமக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்பதை ஆடி மாதம் பார்த்தோம்.

இதில் உன்னை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நம் ஊர் கடைமடை. மேட்டூரைத் திறந்து மேலே இருப்பவர்கள் எல்லோரும் பாய்ச்சி, நாற்று விட்டு, நடவும் ஆரம்பித்த பிறகு, மிச்சமிருந்தால் நமக்கு வரும். அதிலும் நாம் யார் என்று உனக்குத் தெரியும். உன் தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலுக்கு மடை திருப்பிக் கூலி வாங்கினவர்கள் நாம். நமக்கென்று நிலம் வந்து, அதில் நம் தண்ணீர் நின்றதை முதன்முதலாகப் பார்த்த நாளில், உன் அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார், இருட்டும் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. அப்படி நின்ற தண்ணீரை ஒரு கை அளவு விட மாட்டோம். நண்டு வளை போட்டிருக்கிறதா, வரப்பு கசிகிறதா, போய்ப் பார், அடை என்று உன்னை நான் விரட்டாத நாள் உண்டா? ஸ்கூல் யூனிபாரத்தோடு வாய்க்காலில் இறங்கி, உடைந்த மடையில் நீயே உட்கார்ந்து தண்ணீரை மறித்து, கலியமூர்த்தி அண்ணன் மண்வெட்டியோடு ஓடிவரும் வரைக்கும் எழுந்திருக்காமல் இருந்தாயே. அன்றைக்குப் பரீட்சை. பரீட்சை போனதற்கு நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். நம் ஊரில் வாய்க்காலுக்காக வெட்டுக்குத்து வரைக்கும் போனவர்கள் உண்டு. வடிகாலுக்காக யாராவது சண்டை போட்டு நீ பார்த்திருக்கிறாயா? வெங்காயத் தாமரை மண்டி அடைத்துக் கிடக்கும், ஐப்பசி மழையில் பயிர் மூழ்கி அழுகும்போதுதான் வடிகால் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். அப்படி வளர்த்த பிள்ளையைத் தண்ணீர் நிற்கவே கூடாத இடத்துக்கு வேலைக்கு அனுப்பியிருக்கிறோம்.

அந்த ஆடியில் நடந்ததை நீ என்னிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. விட்டுவிட்டு, பல போனில் சொன்னாய். நான் சேர்த்து வைத்துக்கொண்டது இதுதான். பெய்துவந்த மழை நடுவில் நின்றுபோனது. மேலே நெல் மஞ்சளடிக்க ஆரம்பித்தது. சுக்மதியும் மற்றவர்களும் உன்னிடம் வந்து நின்றார்கள். அவர்கள் அடைக்கச் சொல்லவில்லை, பயிர் காய்கிறது என்று மட்டும் சொன்னார்கள். நீ மேலே போய்ப் பார்த்தாய். கடைசியாக வந்த ஒரு சின்னத் தூறலின் தண்ணீர் வடிகாலில் ஓடிக்கொண்டிருந்தது. நீ மண் மூட்டையைத் தூக்கிப் போட்டு வாயை அடைத்துவிட்டாய். "நான் அடைச்சேன்னு கூட தோணலம்மா. கை தானா செஞ்சுது" என்றாய். பெரிய மழை வருவதற்கு முன்னால் திறந்துவிடலாம் என்று இருந்தாய். பயிர் பச்சை திரும்பியது, அவர்கள் எல்லோரும் உன்னைக் கும்பிட்டார்கள். அந்த வாரமே ஒரு மீட்டிங்குக்கு டவுனுக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு புரண்டு ரோடு போய், உன்னால் திரும்பி வர முடியவில்லை. ஆபீஸுக்குப் போன் செய்து ஆளை அனுப்பச் சொன்னாய், போனவர்களாலும் மேலே ஏற முடியவில்லை. காலையில் மேட்டின் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டது. அவரைப் பந்தலும் கொட்டகையும் சுக்மதி வீட்டின் பின் சுவரும் மண்ணுக்குள் போயின. மாடு ஒன்று செத்தது. அவள் வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்ததால் பிழைத்தாள்.

விசாரணையில் நீ எதையும் மறைக்கவில்லை. அடைத்தது நான்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். உன் மேலதிகாரி எச்சரித்து எழுதிக் கொடுத்துவிட்டு, வேலையில் இரு, சரிந்ததை நீயே நின்று சரி செய் என்றார். நல்ல மனுஷன். சுவரைக் கட்டிக்கொடுத்தார்கள், மாட்டுக்கு மாடு கொடுத்தார்கள். நீ ஐப்பசி, கார்த்திகை முழுக்க வெட்டி, சாய்வை மாற்றி, வடிகாலை அகலப்படுத்தி, புதுப் புல் ஒட்டவைத்தாய். தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. "சுக்மதி மவுசி என்னைத் திட்டவே இல்லம்மா. எப்பவும் போல டீ போட்டுக் குடுக்குறாங்க. அதான் தாங்க முடியல" என்று ஒருநாள் சொன்னாய். மவுசி என்றால் சித்தி என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். நான் என்ன சொன்னேன்? "சரி விடு, யாருக்கும் ஒண்ணும் ஆவலல்ல" என்றேன். எனக்கு உன்னை விட்டால் யார், நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று தெரியவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சித்திரை பிறந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் அங்கே மழை ஆரம்பிக்கும். "மழைய நெனச்சாலே பயமா இருக்கும்மா. மேகம் கூடினாலே எல்லாத்தையும் போட்டுட்டு மேட்டுக்கு ஓடுறேன்" என்றாய். மேட்டின் வடக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு விரிசல் தெரிவதாகவும், தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகவும் சொன்னாய். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டாய், நான் "வாடா" என்றேன். அதற்கும் அப்புறம், போனை வைக்கப் போகிற நேரத்தில், தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாய். நீ கிளம்பலாம் என்று இருப்பதை சுக்மதியிடம் சொன்னாயாம். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "புதுசா வர்றவரு எங்க வீட்டுப் பின்னாடி நடந்து பாப்பாரா?" நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "அதெல்லாம் பாப்பாங்கடா, கம்பெனிக்கு ஆளா இல்ல, நீ டிக்கெட்டப் போடு" என்றேன். எனக்கு அப்போது மாடி அறையின் சாவி எங்கே இருக்கிறது என்றுதான் யோசனை.

கலியமூர்த்தி அண்ணன்தான் அதை மறுபடி கிளப்பிவிட்டார், வேண்டுமென்று இல்லை. நீ வரப்போகிறாய் என்றதும் அவருக்கும் சந்தோஷம். "தம்பி வந்தா நல்லதுதான், எனக்கும் முட்டி தேஞ்சுபோச்சு" என்றார். அப்புறம் சும்மா பேச்சுவாக்கில், "அந்த மேட்ட இனிமே யாரு பாப்பாங்க தங்கச்சி?" என்றார். "ஏன், அதுக்கு ஆளா கெடைக்காது?" என்று வெடுக்கென்று விழுந்துவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் சொன்னது எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது. அவரைக்காய் உரித்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்திருந்த ஒருத்தியின் வீட்டைப் பற்றி நான் இரண்டு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். பார்க்க ஆள் கிடைக்கும்தான். ஆனால் எந்த இடத்தில் மண் ஈரமாய்ப் பொதபொதவென்று இருக்கும், எந்த வடிகாலில் இலை வந்து அடைக்கும், எது போன மழையில் நகர்ந்தது, எது நகராமல் நின்றது, இதெல்லாம் ஒரு மழைக்காலம் கூட இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். வருகிறவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். அவர் தெரிந்துகொள்வதற்குள் மழை வந்துவிடும்.

அதைவிட வேறொன்றும் இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. உன் அப்பா தாளடி நட்டுக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயலில் விழுந்து போய்ச் சேர்ந்தார். அந்த வயலைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. காரியம் முடிந்ததும் நிலத்தைக் குத்தகைக்காரன் ஒருவன் கையில் விட்டுவிட்டு, கும்பகோணத்தில் உன் மாமா வீட்டுக்குப் போய்விட்டேன். நீ அப்போது காலேஜில் இருந்தாய், அம்மா நன்றாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பாய். மாமா வா என்றார், மாமியும் முகம் சுளிக்காமல் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வருஷ ஐப்பசி மழை இருக்கிறதே, அதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டும். வடிகால் மதகைத் திறந்தார்களா, கீழ்வரப்பை வெட்டிவிட்டார்களா, நாற்று மூழ்கியிருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பேன். போன் செய்தால் அந்த ஆள் எடுக்க மாட்டான். பயத்தை விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று நினைத்துத்தான் போனேன். பயம் எனக்கு முன்னாலேயே கும்பகோணம் போய்ச் சேர்ந்திருந்தது. வயலில் இருந்தபோதும் அதே பயம்தான், ஆனால் கையில் மண்வெட்டி இருந்தது, போய் ஏதாவது செய்யலாம். அங்கே வெறும் கையோடு பயந்துகொண்டிருந்தேன். மாமி கொடுத்த காபி ஜன்னலோரத்திலேயே ஆறிப்போகும். மழை விட்டதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். பாதிப் பயிர் போயிருந்தது. மீதியைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகையே வந்தது, அப்பா போன அன்றைக்கு வராத அழுகை.

உன்னை நான் "வா" என்றது உனக்காக இல்லை. மிஞ்சிப்போகிற குழம்புக்காக. நீ வருகிறேன் என்றதும் ஊர் ஆசையில் இல்லை, மேகத்துக்குப் பயந்து. அவரவர் பயத்துக்கு ஒருவரையொருவர் மருந்தாக்கிக்கொள்ளப் பார்த்தோம். நீ வந்து இங்கே குறுவைக்கு நாற்று விட்டுக்கொண்டிருப்பாய், அங்கே ஆனி மழை பிடித்துக்கொள்ளும். நீ போனில் வானிலை பார்ப்பாய். புதிதாக வந்தவரைக் கூப்பிடுவாய், அவர் எடுக்க மாட்டார். சாப்பிட்ட தட்டில் கை காயும். நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். எனக்குத் தெரிந்த காட்சி அது, அதில் நான் முதலிலேயே நடித்துவிட்டேன்.

அதனால் இந்த மழைக்கு நீ அங்கேயே இரு. செய்த தப்புக்குத் தண்டனையாக இரு என்று சொல்லவில்லை. அப்படி யாராவது சொன்னால் நானே ரயிலேறி வந்து சண்டை போடுவேன். அந்த மேடு உனக்குத் தெரியும், அதனால் இரு. வடக்குப் பக்கத்து விரிசலை உன் மேலதிகாரிக்குக் கூட்டிப்போய்க் காட்டு. பயமாக இருக்கிறது என்று அவரிடமே சொல், வெட்கப்படாதே. மழை நாளில் டவுன் மீட்டிங் என்று கூப்பிட்டால் போகாதே. சுக்மதியையும் மேலே அழைத்துக்கொண்டு போய், எதைப் பார்த்தால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று சொல்லிக்கொடு. அவளுக்குத்தான் அந்த மேடு உன்னைவிடப் பக்கம். நேரத்துக்குச் சாப்பிடு. நனைந்த துணியோடு உட்காராதே. தலை துவட்டு. இதையெல்லாம் முப்பது வயது ஆளுக்கு எழுதுகிறாளே என்றால், எழுதத்தான் செய்வேன்.

வரவே வேண்டாம் என்று நான் சொல்வேனா? ஒரு மழைக்காலம் போகட்டும், இன்னொன்று வேண்டுமானாலும் போகட்டும். மேகத்தைப் பார்த்து, "அம்மா, இங்க செம போர், மேடு அசையவே மாட்டேங்குது, நான் வந்துடட்டுமா?" என்று நீ ஒருநாள் கேட்க வேண்டும். அன்றைக்கு நீ கேட்டு முடிப்பதற்குள் நான் சொல்கிற பதில் யோசிக்காமல் சொன்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அது வரைக்கும் எனக்கு என்ன, கலியமூர்த்தி அண்ணன் இருக்கிறார், வயல் இருக்கிறது, லோன் கொடுக்கிற பெண் இருக்கிறாள். சமாளித்துக்கொள்வேன் என்று எழுதினால் பொய். கஷ்டமாகத்தான் இருக்கும். இதை எழுதும்போதே கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இதைப் படித்த பிறகும் என் பேச்சைக் கேட்காமல் நீ பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், நான் கதவைத் திறப்பேன். சோறு போடுவேன். ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், பெற்றவள் கேட்க முடியாது. ஆனால் அங்கே மழை என்று செய்தி வருகிற அன்றைக்கு நீயும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருப்போம். அதற்கு நான் தனியாகவே இருந்துகொள்கிறேன்.

அம்மா